நூற்று இருபத்தேழு பல்

கோவில்பட்டியில் நான் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பட்டறையில் போன மாதம் கம்ப்யூட்டர் லேத் ஒன்று வந்து இறங்கியது. பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால் அது பாட்டுக்குக் கடைகிறது. அங்குலத்தில் கடைய வேண்டுமா, மில்லிமீட்டரில் கடைய வேண்டுமா என்பது தட்டச்சில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றும் இல்லை. இது அன்றைக்கே வந்திருந்தால் என் முதுகும், எனக்குத் தொழில் சொல்லித் தந்த காதர் பாயின் கண்ணும் கொஞ்சம் தப்பித்திருக்கும்.

பழைய லேத்தை எடைக்குப் போடுவதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பல் சக்கரம் கிடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் அதைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இதுல நூத்தி இருபத்தேழுன்னு குத்தியிருக்கு. ரவுண்டா நூத்தி முப்பதுன்னு வச்சா என்ன கொறஞ்சு போவுது?" என்று கேட்டார். ஒரு அங்குலத்துக்கு இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லி, அதனால்தான் என்றேன். "அதான் ஏன்னு கேக்கேன்" என்றார். நியாயமான கேள்வி. நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் இடைசெவல். வீட்டில் எல்லோருக்கும் பருத்தியும் கம்பும் என்றால் எனக்கு மட்டும் இரும்பு. ஐ.டி.ஐ.யில் படித்த காலத்தில் உருப்படியாகக் கற்றது ஒரு இரும்புத் துண்டை அரத்தால் சதுரமாக ராவுவது. அதற்கே உள்ளங்கை காய்த்துப் போனது. மற்றதெல்லாம் இந்தப் பட்டறையில், காதர் பாயிடம்.

பாய்தான் எங்கள் போர்மேன். கட்டம் போட்ட கைலி, அரைக்கை சட்டை, காதில் செருகிய பென்சில். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கடைந்த சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார். சரியாக இருந்தால் அது எண்ணெய் பூசிய தட்டுக்குப் போய்விடும். தப்பாக இருந்தால் மத்தியானம் நம் தூக்குச்சட்டி மூடியின் மேல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். எங்கே தப்பு என்று சொல்லமாட்டார். அதை நாமே கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மூடிமேல் அது இருக்கும்போது சோறு இறங்காது. சேர்ந்த புதிதில் நான் சாயங்காலம் சாப்பிட்ட நாட்கள் உண்டு. ஒருநாள் கோபத்தில், "வாயத் தொறந்து சொன்னா என்ன பாய்?" என்று கேட்டுவிட்டேன். "சொன்னா எனக்குத் தெரிஞ்சது ஒனக்கும் தெரியும். நீ தேடுனா எனக்குத் தெரியாததும் ஒனக்குத் தெரியும்லா" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரு குணம், 'கிட்டத்தட்ட' என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருவது. கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால்கூட எனக்குச் சுருக்கென்று இருக்கும். வீட்டில் இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். லேத்தில் ஒரு கம்பியைச் சுழலவிட்டு, பக்கத்தில் உளியை நகர்த்திக்கொண்டே போனால் கம்பியில் மரை, அதாவது சுற்றிச் சுற்றிப் போகும் திருகுப் பள்ளம், விழும். கம்பி ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி எவ்வளவு நகர்கிறதோ அதுதான் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். உளியை நகர்த்துவது லேத்தின் வயிற்றுக்கடியில் ஓடும் நீளமான ஒரு திருகு. சுழலும் கம்பியையும் அந்தத் திருகையும் பல் சக்கரங்கள் இணைக்கின்றன. எத்தனை பல் உள்ள சக்கரத்தை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறது.

எங்கள் லேத் அங்குலக் கணக்கில் செய்த பழைய சீமை லேத். அங்குல மரை கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடும். மில்லிமீட்டர் மரை வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு பெரிய சக்கரத்தை மாட்டுவோம். பட்டறையில் அதற்கு மில்லி வீல் என்று பெயர். லேத்தின் நெற்றியில் அறைந்திருந்த பித்தளைத் தகட்டில், மில்லிமீட்டர் வரிசை முழுக்க 127 என்று போட்டிருந்தது. தகட்டில் 127 என்று இருந்தால் மில்லி வீலை மாட்டு, இதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். பாய் இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன்பே அந்த வீல் அங்கே இருந்தது. அதில் போட்ட போல்ட்டுகள் புதூர், பசுவந்தனை வரைக்கும் கிணற்று மோட்டார்களில் இன்றைக்கும் இருக்கும். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

திரும்பி வந்தது மாரியக்காவின் திருகு.

மாரியக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் காகிதம் வெட்டும் மெஷின் வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஒட்டியவர். பிறகு லேபிள் வெட்டும் இடத்தில் வேலைக்குப் போய், அந்த மெஷினிலேயே பழகி, கடைசியில் எங்கோ கழித்துப்போட்ட வெளிநாட்டு மெஷினைச் சொந்தமாக வாங்கிவிட்டார். அச்சடித்த தீப்பெட்டி லேபிள் தாள்கள் கட்டுக்கட்டாக அவரிடம் வரும். அவற்றைத் தனித்தனி லேபிளாக வெட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு பெண்கள் கூடமாட வேலை செய்தார்கள். மூன்று வீட்டு அடுப்பும் அந்தக் கத்தியை நம்பித்தான் எரிந்தது.

அந்த மெஷினில் தாள் கட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும். கைச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு நீளத் திருகு அந்தத் தடுப்பை முன்னால் தள்ளும், தடுப்பு தாளைக் கத்திக்கு அடியில் தள்ளும். ஒரு சுற்றுக்குச் சரியாக ஐந்து மில்லி. அளவு காட்டும் பட்டை எப்போதோ அறுந்துபோயிருந்ததால் அக்கா சுற்றை எண்ணித்தான் வெட்டுவார். பதினோரு சுற்று, கத்தி. பதினோரு சுற்று, கத்தி. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வேலைக்காரப் பெண்ணைத் திட்டிக்கொண்டே எண்ணுவார். எண்ணிக்கை தவறாது.

அந்தத் திருகு தேய்ந்து மரை மழுங்கிப் போய்விட்டது. புதுசுக்கு எழுதிப் போட்டால் எப்போது வருமோ தெரியாது. எங்களிடம் வந்தார். மில்லி வீலை மாட்டி, புதுத் திருகும் அதற்கேற்ற வெண்கல நட்டும் செய்து கொடுத்தோம். நட்டு திருகில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாயே எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்த்து, தட்டில் வைத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா பட்டறைக்குள் வந்து, ஒரு சாக்கை மேசைமேல் கவிழ்த்தார். லேபிள்கள் கொட்டின. மஞ்சள் நிறத்தில், மான் படம் போட்ட லேபிள்.

"இது மொத வரிசை. மான் நல்லாத்தான் நிக்கி. இது கடைசி வரிசை. பாருங்க பாய், மானுக்குக் கொம்பு எங்க?"

கடைசி வரிசை மானின் கொம்பு, பக்கத்து லேபிளின் காலடியில் கிடந்தது.

"தீப்பெட்டிக் கம்பெனி ஏஜென்ட் அத்தனையும் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டு போயிட்டாரு. மறுபடி அச்சடிக்கச் சொல்லியிருக்காவ. வார வெள்ளிக்கிழமை தாள் வரும். அவரு கூடவே வந்து நிப்பாராம். இந்தத் தடவையும் இப்படின்னா லேபிள் வேலை எல்லாத்தையும் சிவகாசிக்கு மாத்திருவாராம். அது போச்சுன்னா நான் மெஷின வித்துட்டு மறுபடி பெட்டி ஒட்டப் போகணும். நான் போகமாட்டேன் பாய். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் முதலாளி சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் எந்தச் சிக்கலையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுத்தும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடச் சுத்திக்கிட்டா சரியாப் போவும்லா?" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் என்ன கொழம்பா வைக்கேன், உப்பு கொறஞ்சா கொஞ்சம் போட்டுக்கிடுததுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். திருகையும் நட்டையும் வாங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இப்போதும் வழுக்கிக்கொண்டுதான் ஓடியது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டையும் ஒரே சக்கரத்தில் செய்திருக்கிறோம். திருகு பொய் சொன்னால் நட்டும் அதே பொய்யைத்தான் சொல்லும். இரண்டும் சேர்ந்து ஓடுவதால் அளவு சரி என்று ஆகாது.

லேத்தில் மில்லி வீலை மாட்டி, ஐந்து மில்லி மரைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் நூறு சுற்று சுற்றினேன். உளி ஐந்நூறு மில்லி நகர்ந்திருக்க வேண்டும். நானூற்றுத் தொண்ணூற்றாறுதான் நகர்ந்திருந்தது. வீலைக் கழற்றி, ஒரு பல்லில் சாக்பீஸ் தடவி, அங்கிருந்து எண்ணினேன். நூற்று இருபத்தெட்டு. இன்னொரு தடவை எண்ணினேன். நூற்று இருபத்தெட்டுதான்.

பித்தளைத் தகட்டை அத்தனை வருஷம் படித்தோம், வீலின் பல்லை யாரும் எண்ணவில்லை. குட்டை போல்ட்டுக்கு அது போதும். ஒரு மரைக்கு வரும் தப்பு தலைமுடி கனம்கூட இல்லை. அதனால் அது போல்ட்டில் ஒளிந்துகொண்டது. அக்காவின் திருகில் நூறு மரை தாண்டுவதற்குள் நாலு மில்லியாகக் கூடி மானின் கொம்பில் வந்து நின்றது.

"ஒரு பல்லுதான பாய் வித்தியாசம்" என்றார் முதலாளி.

"ஒரு பல்லுதான் மொதலாளி" என்றார் பாய். "அந்த ஒண்ணுலதான் இவியளுக்குப் பொழப்பு இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழம. பட்டறையத் தொறந்து குடுங்க, நாங்க வீல் செய்யுதோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

விலைக்கு வாங்கலாமே என்று கேட்கலாம். அந்த லேத்தின் பல் அளவு வேறு. கோயம்புத்தூரில் சொல்லிச் செய்து வாங்குவதென்றால் வெள்ளிக்கிழமை தாண்டி எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விடும். அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும் வேறு சக்கரக் கூட்டணிகள் உண்டு என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பக்கத்தில் வருவதை மாட்டி அக்காவிடம் கொடுக்க எனக்கு மனம் வந்திருக்காது.

ஞாயிறு காலையில் நான் போகும்போது பாய் ஏற்கனவே டிவைடிங் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் கருவி அது. கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் சாமான் ஒரு சுற்று சுற்றும். கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாகத் துளை போட்ட தட்டு இருக்கும். நூற்று இருபத்தெட்டுப் பல் வேண்டுமா, பதினாறு துளை வட்டத்தில் ஐந்து துளை தள்ளினால் ஒரு பல். வேலை முடிந்தது. அந்த எண் அப்படிப்பட்டது. பாதியாக்கலாம், பாதியில் பாதியாக்கலாம், ஒன்று வரும் வரைக்கும் பாதியாக்கிக்கொண்டே போகலாம்.

"அதான் அந்த வீலச் செஞ்ச பழைய ஆளு நூத்தி இருபத்தெட்டு வெட்டிட்டான். சோம்பேறிப் பய" என்றார் பாய். அவர் ஒருவரைத் திட்டி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். காலை முழுக்க அந்த முகம் தெரியாத மனிதரை ஏசிக்கொண்டே இருந்தார்.

நூற்று இருபத்தேழு எதற்கும் மசியவில்லை. நான் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். இரண்டால் போகாது. மூன்றால் போகாது. ஐந்தால் போகாது. ஏழால் வகுத்தால் நூற்று இருபத்தாறு வரை வந்து ஒன்று மிச்சம். பதினொன்றால் வகுத்தால் ஆறு மிச்சம். பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினால் நூற்று அறுபத்தொன்பது, அது நம் எண்ணைத் தாண்டிவிட்டது. அதனால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. பெரிய எண் எதுவும் இதை வகுக்குமென்றால் அதற்குச் சோடியாக ஒரு சின்ன எண் இருந்திருக்க வேண்டும், அது முன்னாலேயே அகப்பட்டிருக்கும். ஆக, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு யாரையும் உள்ளே விடாத எண். இதைப் பிரிக்க நூற்று இருபத்தேழு துளை உள்ள தட்டுதான் வேண்டும். அந்தத் தட்டில் துளை போட முதலில் வட்டத்தை நூற்று இருபத்தேழாகப் பிரிக்க வேண்டும். எனக்கு அந்த எண்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே சமயம், இப்படி விட்டுக்கொடுக்காமல் நிற்கிறதே என்று ஒரு மரியாதையும் வந்தது.

பத்து மணிவாக்கில் மாரியக்கா வந்துவிட்டார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றார். கையில் வேஸ்ட் லேபிள் காகிதம், வெட்டுக்கத்தி, ஸ்டீல் டேப். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. நீளமான ஒரு துண்டு வெட்டச் சொன்னேன். நடுவில் ஒரு கோடு. இரண்டு பாதிகளின் நடுவிலும் ஒவ்வொரு கோடு, ஆக மூன்று. மறுபடி ஒவ்வொரு துண்டின் நடுவிலும் போட்டால் ஏழு. பதினைந்து. முப்பத்தொன்று. அறுபத்து மூன்று. காம்பஸை வைத்துப் பாதி பாதியாகக் குறித்துக்கொண்டே போனேன். ஏழாவது தடவை முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் சரியாக நூற்று இருபத்தேழு கோடு.

"பாய், விழுந்துட்டு" என்றேன். துண்டைத் தூக்கி அவரிடம் நீட்டினேன்.

பாய் அந்தத் துண்டை ஒரு வட்டப் பலகையில் சுற்றினார். இரண்டு முனையும் வந்து சேர்ந்தன. சேர்ந்த இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். முனையும் முனையும் ஒட்டிய இடத்தில் தானாக ஒரு கோடு. நூற்று இருபத்தெட்டாவது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு முகம் மாறியது.

"அந்த மனுசன் சோம்பேறி இல்லலே. நூத்தி இருபத்தேழுதான் வெட்டணும்னு இப்படித்தான் உக்காந்து கோடு போட்டிருப்பாரு. எண்ணியிருப்பாரு. சரியா வந்திருக்கும். சுத்தும்போது ஒண்ணு கூடிப்போச்சு. பாவம், காலையில இருந்து ஏசிட்டு இருக்கேன்."

அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணு வெளங்கல பாய். எதுக்கு இந்த நூத்தி இருபத்தேழு?" என்றார்.

"உங்க திருகு மில்லி. எங்க லேத் இஞ்சு. ரெண்டையும் கட்டிப்போடணும்னா ரெண்டும் எங்கயாவது முழுசா சேரணும்லா? ஒரு இஞ்சுக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலு மில்லி வருது, முழுசா வரல."

"அஞ்சு இஞ்சுல சேருமே" என்றார் அக்கா.

டேப்பை இழுத்துத் தரையில் வைத்தார். ஒரு ஓரத்தில் அங்குலம், மறு ஓரத்தில் மில்லிமீட்டர். ஆர்டர் சில பேர் அங்குலத்தில் சொல்வார்கள், சில பேர் மில்லியில் சொல்வார்கள், அவருக்கு இரண்டும் பழக்கம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எதுலயும் கோடும் கோடும் ஒட்டாது. ஒட்டுத மாதிரி ஏமாத்தும். அஞ்சுலதான் ஒட்டும். அங்கன எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க."

நூற்று இருபத்தேழு மில்லி.

பாய் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது காகிதக் கணக்கில் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான் என்றார். எனக்கு அந்த டேப்பை விட்டுக் கண் நகரவில்லை.

"அக்கா, அம்பது இஞ்சுல எவ்வளவு?"

அவர் டேப்பை இழுத்தார். "நூத்தி இருபத்தேழு சென்டி."

"அப்பம் இந்த டேப்பயே வட்டமா சுத்திருவோம். சைபர்ல நூத்தி இருபத்தேழு வந்து ஒக்காரணும். ஒவ்வொரு சென்டிக் கோடும் ஒரு பல்லு."

பாய் அக்காவைப் பார்த்தார். டேப்பை வெட்ட வேண்டியிருக்கும். அக்கா பட்டறைத் தகரக் கத்தரியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

இனிமேல் செய்த வேலை எளிதென்று நினைக்க வேண்டாம். வேப்பம் பலகையை வட்டமாகக் கடைய வேண்டும். டேப்பைச் சுற்றும்போது சைபரும் நூற்று இருபத்தேழும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். பலகை பெரிதாக இருந்தால் நடுவில் இடைவெளி விழும், சிறிதாக இருந்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கொஞ்சம் கடைவது, நிறுத்துவது, டேப்பைச் சுற்றிப் பார்ப்பது. மறுபடி கடைவது. கடைசியில் ஒரு தடவை அளவுக்கு மேல் கடைந்துவிட்டோம், பலகை சிறுத்துவிட்டது. அக்கா தன் லேபிள் காகிதத்தில் ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தார். அதை ஒரு சுற்று ஒட்டி, அதன்மேல் டேப்பைச் சுற்றினோம். உட்கார்ந்துவிட்டது.

வீலுக்கு இரும்பு, உடைந்துபோன ஒரு ஆயில் எஞ்சின் சக்கரத்திலிருந்து. அதைக் கடைந்து தட்டாக்கி, டேப் சுற்றிய பலகையோடு ஒரே தண்டில் பூட்டினோம். லேத்தின் பழைய சக்கரத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள சந்தைப் பார்த்து, அதே உருவத்துக்கு உளி தீட்டி, உளியை முன்னும் பின்னும் ஓட்டிச் செதுக்கும் ஷேப்பர் மெஷினில் மாட்டினோம். ஒரு ஊசி முனையைப் பலகைக்கு எதிரே அசையாமல் நிறுத்தினோம். அக்கா பலகையைத் திருப்பி, ஊசிக்கு நேரே கோட்டைக் கொண்டுவந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்வார். பாய் தண்டை இறுக்குவார். நான் உளியை ஓட்டுவேன். ஒரு பல் சந்து. இறுக்கத்தைத் தளர்த்தி, அடுத்த கோடு.

நடுவில் எனக்கு ஒரு பயம் வந்தது. கண்ணால் பார்த்து வைக்கிற கோடு, முடி அளவு முன்னே பின்னே போகாதா? பாயிடம் கேட்டேன்.

"போவும். போனாப் போகட்டும். ஒரு பல்லு முந்தும், அடுத்த பல்லு பிந்தும். ஒரு சுத்து முடிஞ்சு வரும்போது கணக்கு நேராயிரும். நூத்தி இருபத்தேழு இருந்தாப் போதும். அதுல மட்டும் முன்ன பின்ன கெடையாது."

முப்பது வருஷமாக இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அளவு என்றால் முன்னே பின்னே இருக்கும், எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் இருக்கும். எண்ணிக்கைக்கு அது கிடையாது. நூற்று இருபத்தேழு என்றால் நூற்று இருபத்தேழுதான்.

கடைசிச் சந்துக்கு வந்தோம். வெட்டி முடித்ததும் அக்கா சாக்பீஸை வாங்கி, தானே ஒரு பல்லில் தடவி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சாக்பீஸ் பல்லுக்கு முந்தின பல்லைத் தொடும்போது, "நூத்தி இருபத்தேழு" என்றார். பாய் நம்பாமல் அவரும் எண்ணினார். பிறகு நானும். அதற்குப் பிறகுதான் பாய் வீலில் 127 என்று எண் குத்தினார்.

லேத்தில் மாட்டி, கையால் நூறு சுற்று சுற்றினேன். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஐந்நூறு. பாய் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு பார் என்றார். அவர் ஆனந்தத்தைக் காட்டுகிற வழி அப்படி.

திங்கள் முதல் புதன் வரை திருகும் நட்டும். அங்குல லேத்தில் மில்லி மரை போடும்போது பாதி வழியில் உளி வண்டியைத் திருகிலிருந்து விடுவித்துவிட்டு மறுபடி மாட்டக் கூடாது. மாட்டினால் பழைய தடத்தில் விழாது, மரை சிதைந்துவிடும். ஒரு வெட்டு முடிந்தால் உளியை வெளியே இழுத்து, மெஷினை அப்படியே பின்பக்கமாக ஓட்டி ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு துளி ஆழம் கூட்டி அடுத்த வெட்டு. நீளக் கம்பி, வளைந்துவிடாமல் நடுவில் தாங்கி. எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அக்காவின் கொட்டகையில் திருகை மாட்டினோம். வெள்ளிக்கிழமை காலையில் பாயும் நானும் அங்கேதான் நின்றோம். ஏஜென்ட் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் போன தடவை கொம்பு போன லேபிள் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

அக்கா தாள் கட்டை ஏற்றினார். பதினோரு சுற்று, கத்தி. பதினோரு சுற்று, கத்தி. அன்றைக்கு அவர் யாரிடமும் பேசவில்லை, யாரையும் திட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வேலைக்காரப் பெண்கள் இருவரும் வெட்டிய கட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசிக் கத்தி இறங்கியதும் ஏஜென்ட் மேசைக்கு வந்து, முதலில் இருந்த கட்டை எடுக்கக் கை நீட்டினார். அக்கா அதன்மேல் தன் கையை வைத்தார்.

"அத எடுக்காதீங்க அண்ணாச்சி. கடைசி வரிசைய எடுங்க."

அவர் கடைசிக் கட்டை எடுத்து, கட்டைவிரலால் விரித்து, ஒவ்வொரு லேபிளாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் நான்கு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா பார்க்கவில்லை. அடுத்த தாள் கட்டை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தார்.